அறுநூற்றைம்பது பாகை

நாலு குழாயும் ஒன்றாகிற முழங்கையில் துரு.
ஹிதாயத் நகத்தால் சுரண்டினான்,
நகத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.
"கல்லடியிலயா காரை நிப்பாட்டுற?"
ஓம், கடலுக்கு முதுகைக் காட்டித்தான்.
"உப்புக்கு முதுகென்ன முகமென்ன.
ஹெடரைக் கழட்டுறன். நீங்க பெயின்ற் வாங்கிட்டு வாங்க."

காத்தான்குடியில்
பேரீச்சை மரங்கள் வாகனங்களைப் பிரிக்கும் தெருவில்
ஜெசிமாவின் கடை.
மூன்று டின்னை மேசையில் வைத்தாள்.
வெள்ளி நிறம், இருநூறு பாகை:
"இது தேத்தண்ணிக் கேத்திலுக்குத்தான் காணும்."
கறுப்பு, அறுநூற்றைம்பது.
வெள்ளை, அதே அறுநூற்றைம்பது,
விலை மட்டும் கொழும்பு விலை.

எனக்கு வெள்ளைதான் வேண்டியிருந்தது.
காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.
பொனட்டுக்குள் யாரும் பாராத இடத்தில்
ஏதோ ஒன்று வெளிச்சமாய் இருக்கட்டுமென்று.
"ஒரு மாசம்," என்றாள்.
"மறுகா பழைய ஏசிப் பெட்டி மாதிரி மஞ்சளிச்சுப் போகும்."

போன் டோர்ச்சை அடித்து
டின்னின் முதுகை வாசித்தாள்.
எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்து.
அறுநூற்றைம்பதுக்குப் பக்கத்தில்
ஒரு சொல் ஒளிந்து கிடந்தது:
'இடையிடையே'.
நெடுகலும் தாங்குவது ஐநூறுதானாம்.

நான் அம்பாறைக்கு வேலைக்குப் போகிறவள்.
காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி.
அது நெடுகலா, இடையிடையா?
ஜெசிமா பேனையைக் கடித்து யோசித்தாள்.
"நடுவுல எட்டு மணித்தியாலம்
மரத்துக்குக் கீழ நிக்குதுதானே கார்?
இடையிடைதான். கறுப்பை எடுங்க."

எடுத்தேன்.

கம்பித்தூரிகை, மண்தாள், மறுகா தின்னர்.
துடைத்த இரும்பை வெறுங்கையால் தொட்டதற்கு
ஏச்சு வாங்கினேன்: "விரல் எண்ணெய் படும்,
அந்த இடம் மட்டும் உரியும்."
மெல்லிசாய் ஒரு பூச்சு, பொறுத்து இன்னொன்று.
"இது காத்துல காயாது, சுட்டாத்தான் இறுகும்."
மனிசரும் அப்படித்தான் என்று நான் தொடங்க,
"என்னகா கதை இது, மூக்கைப் பொத்துங்க," என்றான்.

முதலில் நூற்றிருபது, ஆறவிட்டு இருநூறு,
ஆறவிட்டு முந்நூறு.
இந்த ஊரில் அவ்வளவு சூட்டுக்கு எங்கே போவது?
உதுமாலெவ்வையின் போறணைக்குப் போனோம்.
சாக்கை விரித்துக் காட்டினோம்.
"இதென்ன, வாவி நண்டா?"
விஷயத்தைச் சொன்னதும் கதவை மறித்து நின்றார்.
"விடியச் சனம் பாணைப் பிச்சு மணந்து பாக்கும்.
என்ர வாப்பாக்கும் சேத்து ஏசும்."
வெறுங்கையோடு அனுப்பவில்லை,
கிம்புளா பணிஸ் நாலு தந்தார்.
சீனி ஒட்டிய கையோடு
ஹெடரைத் திரும்பத் தூக்கக்கூடாதென்று
ஹிதாயத் என்னைக் குழாயடிக்கு அனுப்பினான்.

ஆக, எஞ்சினே அடுப்பு.
பூட்டி, பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினோம்.
ஆறியதும் இருபது நிமிஷம்.
புகை கிளம்பி ஆரையம்பதிப் பக்கம் சாய்ந்தது.
எதிர்வீட்டுப் பொடியன் ஒருத்தன்
வாளி நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தான்.
ஹிதாயத் போட்ட சத்தத்தில்
வாளி அவன் காலிலேயே கொட்டியது.

அது தையில்.
இப்போது ஹெடர் கறுப்பாகத்தான் இருக்கிறது,
வாயருகே மட்டும் விரலகலம் சாம்பல்.
களுவாஞ்சிகுடியில் எண்ணெய் அடிக்கையில்
சும்மா பொனட்டைத் திறந்து பார்ப்பேன்.
பம்ப் பொடியன் "தண்ணி குறைவா, அக்கா?" என்பான்.
இல்லை என்று மூடுவேன்.

மிஞ்சிய பெயின்ற்றை
வீட்டு கேற்றின் கொண்டிக்குப் பூசினேன்.
பங்குனி வெயில் முப்பத்தாறு பாகை,
நமக்குத் தலை வெடிக்கும்.
அதற்கு அது குளிர்.
மூன்று மாதமாக இறுகவில்லை.
தபால்காரர், மீன்காரர், மின்மானி வாசிக்க வருபவர்,
எல்லார் கட்டைவிரலிலும்
கொஞ்சம் கறுப்பு.